ஏல மௌனம்

உயிர் போய்ச் சற்று நேரம் கழித்துத்தான் மிக்கேல் ராயன் தண்ணீர் கேட்டார்.

தாடையைச் சேர்த்துக் கட்ட வெள்ளைத் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தாள் அவர் மனைவி ரோசலி. அப்போது அவர் கழுத்தில் கிடந்த குரல்பெட்டி மெல்ல இரைந்தது. காய்ச்சலுக்கு முந்தைய அவருடைய அதே கட்டைக் குரலில், "தண்ணி குடு" என்றது.

வீட்டில் நின்றவர்கள் யாரும் அசையவில்லை. ரோசலி துணியைப் போட்டுவிட்டுச் செம்பை எடுத்துவந்து அவர் வாயில் ஊற்றினாள். தண்ணீர் கன்னத்தில் வழிந்து தலையணைக்குள் போயிற்று.

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த தெக்லம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. கொஞ்சம் முன்னால் அவர் முகம் எதற்கோ ஏங்குவதுபோல இழுபட்டது. சாகப்போகிறவர் செபம் சொல்ல நினைக்கிறார் என்று எண்ணி, குரல் உள்ளவர்கள் எல்லோரும் முழங்காலிட்டு அவருக்காகச் சத்தமாகச் செபம் சொன்னார்கள். செம்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

தெக்லம்மா, "ரோசலி" என்று கூப்பிட நினைத்தாள். நினைத்ததை நழுவவிடாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பெயர் அவள் கழுத்துப் பெட்டியிலிருந்து வெளியே வந்தபோது ரோசலி அடுக்களைக்குள் போயிருந்தாள்.

சிப்பித்துறையில் பாதிப் பேர் இப்படித்தான் பேசினார்கள். சில வருடங்களுக்கு முன் கரையோரம் முழுக்க அடித்த காய்ச்சல் உயிரைவிட அதிகமாகக் குரலைத்தான் கொண்டுபோனது. நாக்கு வாய்க்குள் வெறும் சதையாகக் கிடந்தது. எழுதலாம் என்றால் கைக்கும் எழுத்து வரவில்லை. பேனா தாளில் புழு நெளிவதுபோல நெளிந்தது. நினைப்பு மட்டும் முழுசாக இருந்தது. அரசாங்கம் காதுக்குப் பின்னால் அரிசியளவில் ஒரு பொருளைப் பதித்து, கழுத்தில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டது. சொல்ல நினைப்பது கரையோரக் குரல் வாரியத்தின் கணினிக்குப் போகும். அங்கே பேச்சாகி, அவரவர் பழைய குரலில் பெட்டிக்குத் திரும்பி வரும். ஆரம்பத்தில் உடனுக்குடன் வந்தது. ஆள் சேரச் சேரத் தாமதமாயிற்று.

தெக்லம்மா துறையின் ஏலக்காரி. காய்ச்சலுக்கு முன்னால் அவள் வாயைத் திறந்தால் காக்கைகூட மீனை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும் என்பார்கள். பெட்டி வந்த பிறகு, அவள் ஒரு விலையைச் சொல்லி முடிப்பதற்குள் மீன் நாறிவிடும் என்று வியாபாரிகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு வழி கண்டவர் ராயன்தான். ஒருநாள் கடலில் போன ஒருவனின் உடலைக் கரைக்குத் தூக்கி வந்தார்கள். துறையே வாயடைத்து நின்ற அந்த வேளையில் தெக்லம்மாவின் பெட்டி மட்டும் தடையில்லாமல் பேசியது. ராயன் அதைக் கவனித்துவிட்டார். மறுநாள் அவள் முதல் கூடையைத் தூக்கியதும், துண்டை எடுத்துத் தன் வாயின் குறுக்கே கட்டிக்கொண்டு எல்லோரையும் முறைத்துப் பார்த்தபடி நின்றார்.

அதிலிருந்து அது வழக்கமாகி, கரையோரத்தின் மற்றத் துறைகளுக்கும் பரவிவிட்டது. ஏலம் நடக்கும் வேளையில் குரல்பெட்டிக்காரர்கள் யாரும் பேச நினைப்பதுகூட இல்லை. துறையில் நிற்பவர்கள், வீட்டில் படுத்திருப்பவர்கள், இன்னும் கரை சேராத படகில் இருப்பவர்கள் எல்லோரும் மனசைக் கட்டிப்போட்டுக்கொண்டு இருப்பார்கள். ஏல மௌனம் என்று அதற்குப் பெயர். அந்த மௌனத்தின் மேல் ஏறித்தான் தெக்லம்மாவின் குரல் ஓடியது. நாளாக ஆக, மற்ற நேரங்களிலும் அடுத்தவருக்கு இடம் விட்டு, ஆளுக்கு ஒன்றிரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்ளப் பழகினார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைகூட ஒரு "போ", ஒரு "போடி" என்று முடிந்துவிடும். அதை ஊரே பெருமையாகச் சொல்லிக்கொண்டது.

ராயனின் அடக்கம் முடிந்த மறுநாள், தெக்லம்மா ரோசலியை அழைத்துக்கொண்டு வாரியத்தின் பழுதுபார்க்கும் நிலையத்துக்குப் போனாள். அங்கே திருமாறன் என்ற பொறியாளன் இருந்தான். பெட்டிகளைத் துடைத்து, கம்பி மாற்றிக் கொடுப்பது அவன் வேலை. அவனுக்குச் சொந்தக் குரல் இருந்தது. இந்தத் துறையில் அதைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் பயன்படுத்துவான்.

காய்ச்சல் தொடாத ரோசலி, ராயனின் பெட்டியை மேசையில் வைத்தாள். "என்னத்துக்குய்யா இது? செத்த மனுசன் தண்ணி கேக்கதுக்கா?"

அவன் பெட்டியைத் தொடவில்லை.

"ஏன்... பிந்துது?" என்று கேட்டது தெக்லம்மாவின் பெட்டி. இரண்டு சொல்லுக்கும் நடுவில் வெளியே ஒரு லாரி வந்து நின்று, சாமான் இறக்கி, கிளம்பியும் போய்விட்டது.

"மாவட்டம் முழுக்க ஒரே சர்வர்தான் யக்கா," என்றான் திருமாறன். "அதுல வரிசை கெடையாது. யாரையும் பொறுன்னு வெளிய நிறுத்துறதில்ல. பந்தி மாதிரின்னு வச்சுக்கோங்க. வந்தவுக எல்லாரையும் உக்கார வச்சு ஒரே நேரத்துல பரிமாறும். ஆனா இலைக்கு இலை கரண்டி வேற. பெரிய பதவில உள்ளவுக இலைக்கு எட்டுக் கரண்டி விழுற நேரத்துல, கடை கண்ணி வச்சிருக்கவுகளுக்கு மூணு, உங்களுக்கு ஒண்ணு. அதுக்கு எடைன்னு பேரு."

"சோத்த இல்லைன்னும் சொல்ல மாட்டான், பசியாறவும் விடமாட்டான்," என்றாள் ரோசலி. "நல்ல பந்திதான்."

"ஆளு கொறைஞ்சா மிச்சம் உங்களுக்கு வரும் அத்தை. அதான் ஏலத்தப்போ இவுக பெட்டி ஓடுது." அவன் தயங்கினான். சொல்ல வேண்டாம் என்று அவனுக்கே பட்டதுபோல மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அடுத்த வாரம் வாரியக் கூட்டம் இருக்கு. உங்க எடையப் பாதியாக்கப் போறாங்க. ஒண்ணு, அரையாயிரும்."

தெக்லம்மா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். பெட்டிக்குக் காத்திருக்க அவளுக்குப் பொறுமையில்லை.

"நான் பண்ணலை யக்கா! கணக்கு அப்படிச் சொல்லுதாம். கரைக்காரங்க அதிகம் பேசுறதில்ல, காலைல சுத்தமா வாயே திறக்கிறதில்ல, அவங்களுக்குத் தேவை கம்மின்னு அறிக்கை போயிருக்கு. தேவையில்லாதவனுக்கு எதுக்கு ஒதுக்கணும்ங்காங்க."

தெக்லம்மாவின் கை சட்டையிலிருந்து நழுவியது. துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்ற ராயனின் முகம் அவளுக்குள் வந்து நின்றது. தனக்காக ஊரே விட்டுக்கொடுத்த மௌனம் அது. எங்கோ ஒரு மேசையில் அதை யாரோ வாசித்து, இவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று முடிவுகட்டியிருக்கிறார்கள். எடை பாதியானால், கரை முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாலும் அவளால் ஒரு கூடைக்கு விலை கூற முடியாது. துறையில் விலை ஒளிரும் விளக்குப்பலகை வைத்து ஏலம் விட வியாபாரிகள் தயாராக இருந்தார்கள். அவளிடம் மிஞ்சியிருந்தது அந்தக் காலை நேரத்துக் குரல் ஒன்றுதான்.

அவள் ஒரு கேள்வியை நினைத்தாள். ரோசலியும் திருமாறனும் காத்திருந்தார்கள். இந்த ஊரில் காத்திருப்பது மரியாதை. பிறகு பெட்டி சொன்னது: "எல்லாரும்... சேந்து... பேசுனா?"

திருமாறன் நிமிர்ந்து பார்த்தான். "ஆயிரக்கணக்குல பேசுனாலா? ஒத்தை ஒத்தைக் கரண்டியே சேந்து அண்டா காலியாயிரும். பெரியவுக இலையிலயும் பருக்கைதான் விழும். ஆனா யக்கா, உங்களுக்கு அதுவும் விழாதே. அவுக ஒரு சொல்லு சொன்னா நீங்க அதுல எட்டுல ஒண்ணுதான் சொல்லியிருப்பீங்க."

தெக்லம்மா சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு. அதற்குப் பெட்டி தேவைப்படவில்லை.

"அவ என்ன சொல்லுதான்னா," என்றாள் ரோசலி, "எங்களுக்கு அது பழகிப்போச்சு. அவுகளுக்குப் பழகலை."

வலை பின்னும் கொட்டகையில் கூடினார்கள். குரல் உள்ளவர்கள் பேசினார்கள். மற்றவர்கள் தலையாட்டினார்கள், கை வீசினார்கள், மடியில் அடித்துச் சிரித்தார்கள். கூட்டம் நடக்கும் அன்று, மாதா கோவில்களில் நடுப்பகல் உச்சிமணி அடித்ததும் கரை முழுக்கப் பேசத் தொடங்குவது என்று ஏற்பாடு. ரெண்டு சொல்லு மரியாதை அன்றைக்குக் கிடையாது. முடிந்தவரை நீளமாக, வாயில் வந்ததையெல்லாம் பேச வேண்டும்.

"என் மருமவள ஏசலாமா?" என்று கேட்டது ஒரு கிழவரின் பெட்டி, கேள்வியைத் தொடங்கியவர் வெற்றிலை போட்டுத் துப்பி முடித்த பிறகு. கொட்டகை அதிர்ந்தது.

ரோசலி மட்டும் சிரிக்கவில்லை. "அன்னைக்கு ஆஸ்பத்திரில கெடக்கவனுக்கு?" என்று திருமாறனைக் கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குத் தனி சர்வர் அத்தை. அதை இது தொடாது."

"வீட்டுல கெடக்கவனுக்கு?"

கொட்டகையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. தெக்லம்மா எழுந்து ரோசலியின் முன் வந்து குந்தினாள். இரண்டு விரலால் தன் கண்ணைக் காட்டினாள். பிறகு தன் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். அதைப் பெட்டி வழியாகவும் சொல்ல நினைத்தாள், எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று. காத்திருந்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"முகத்த... பாத்துக்கிட்டு... இருங்க."

அப்படித்தான் முடிவாயிற்று. குரல் உள்ள ஒவ்வொருவரும் அன்றைக்கு ஒரு குரல்பெட்டிக்காரரின் முன்னால் உட்கார வேண்டும். முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. கரையின் ஒரு கோடியான வேம்பாரிலிருந்து மறுகோடியான மணப்பாடு வரைக்கும், பேசும் ஏற்பாடும் இந்தச் சேதியும் ஆள் மாற்றி ஆள் மூலம் போயின.

கூட்டம் மாவட்டத் தலைநகரில், வாரியத்தின் மண்டபத்தில் நடந்தது. தெக்லம்மாவும் ரோசலியும் கரைக்காரர் சிலரோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்; ஜன்னலுக்கு வெளியே மாதா கோவில் கோபுரம் தெரிந்தது. ஆணையர் தில்லைநாதன் மேடையில் நின்று பேசினார். அவர் கழுத்திலும் பெட்டி இருந்தது, மெல்லியதாக, வெள்ளி நிறத்தில். தெக்லம்மா அதை எதிர்பார்க்கவில்லை.

"நானும் உங்களில் ஒருவன்," என்றார் அவர். உதடு அசையாமல் வந்த அந்தக் குரல் வானொலிச் செய்திபோலத் தெளிவாக இருந்தது. "அதே காய்ச்சல். இதுவும் இயந்திரம் தந்த குரல்தான். ஆகவே உங்கள் வேதனை எனக்குத் தெரியும். ஆனால் பசிக்காதவர் இலையில் சோற்றைக் கொட்டி வீணாக்குவது நியாயமா? நீங்கள் சிக்கனமானவர்கள் என்று கணக்கு சொல்கிறது. அந்தச் சிக்கனத்தை நான் பாராட்டுகிறேன்."

"பாராட்டுதாராம்ல," என்று பின்வரிசையில் ரோசலி முனகினாள்.

ஆணையர் கடைசியாக ஒன்றைப் பெருமையோடு சொன்னார். இந்த வாரியத்தில் மெதுவாகப் பேசுகிறவர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. எதிர்ப்புச் சொல்ல ஒருவர் எழுந்து பேச்சைத் தொடங்கிவிட்டால், அவர் முடிக்கும்வரை தீர்மானம் நிறைவேறாது. அது தானே வகுத்த விதி. "எதிர்ப்பு உண்டா?"

தெக்லம்மா எழுந்து நின்றாள்.

உச்சிமணி அடித்தது.

முதலில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தெக்லம்மா நின்றாள், பெட்டி பேசவில்லை. ஆணையர் கனிவோடு, "தாராளமாக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், நாம் எல்லோரும்" என்று தொடங்கினார். 'எல்லோரும்' என்பதற்குப் பிறகு அவர் பெட்டி நின்றுவிட்டது.

அவர் புருவம் சுருங்கியது. பெட்டியைத் தட்டினார். வேறு ஏதோ சொல்ல முயல்வது தெரிந்தது. பெட்டி, "பழு" என்றது. அதற்குள் அவர் வேறொன்றுக்கு மாறிவிட்டார். அது, "யார்" என்றது. அதையும் விட்டுவிட்டு இன்னொன்றுக்குத் தாவினார். தாவுகிற ஒவ்வொரு முறையும் வேலை முதலிலிருந்து தொடங்கியது. தெக்லம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி வந்த புதிதில் அவளும் அப்படித்தான் தத்தளித்தாள். ஒரே நினைப்பைக் கையில் ஏந்திய முட்டைபோல அசையாமல் வைத்துக்கொண்டு நிற்க எவ்வளவோ நாளாயிற்று.

"செத்துப்போன" என்றது அவள் பெட்டி.

மண்டபம் திரும்பிப் பார்த்தது. அவள் அடுத்த சொல்லுக்குப் போகவில்லை. அடுத்த சொல் தானாக வரும் என்று முழு வாக்கியத்தையும் நெஞ்சுக்குள் பிடித்துக்கொண்டு நின்றாள்.

செயலாளர் சொந்தக் குரல் உள்ளவர். சர்வரின் ஓட்டத்தைக் காட்டும் திரையோடு மூலையில் நின்றிருந்த திருமாறனிடம் ஓடினார். "என்னய்யா இது? நிறுத்து அதை!"

"எதை சார்?"

"அவங்க பேசுறதை! கரை மொத்தமும் பேசுது, திரையில தெரியுதில்ல? வெட்டி விடு!"

"ஓடுற பேச்சை நடுவுல வெட்டுறதுக்கு வழி வைக்கலை சார். யாரையும் வெளிய நிறுத்துறதில்லைங்கிறதுதானே நம்ம பெருமை." சொல்லிவிட்டு அவன் நகராமல் நின்றான்.

செயலாளர் மேடைக்கு வந்து மணிக்கட்டைப் பார்த்தார். "இந்தம்மா எதிர்ப்பு ஒன்றும் சொல்லாததால், கூட்டத்தை..."

"வேய், நில்லும்!" ரோசலி எழுந்துவிட்டாள். "எங்க துறை ஏலத்துல ஒருத்தன் தொண்டையக் கனைச்சாலே மூணாந்தரம்னு சொல்லி முடிக்கப்படாது. அவ சொல்லிக்கிட்டு இருக்கா. உம்ம ஆணையர் போட்ட விதிதான?"

"மிக்கேல்" என்றது தெக்லம்மாவின் பெட்டி.

ரோசலி உட்கார்ந்தாள். முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

பிறகு அந்த மண்டபத்தில் ஒரு மௌனம் விழுந்தது. கரைக்காரர்களுக்கு அது வீடு மாதிரி. அதில் உட்காரத் தெரியும், சாய்ந்துகொள்ளத் தெரியும். மேடையில் இருந்தவர்கள் நாற்காலியில் நெளிந்தார்கள், கைப்பேசியை எடுத்தார்கள், கதவைப் பார்த்தார்கள். வெயில் ஜன்னலிலிருந்து இறங்கித் தரையில் ஊர்ந்தது. சாப்பாட்டு வேளை வந்து போயிற்று. "ராயன்" என்றது பெட்டி. ஆணையர் பேச முயல்வதையே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் கோபம் இருந்தது; பிறகு அதுவும் சோர்ந்துபோயிற்று. உதவியாளர்கள் செயலாளரைப் பார்த்தார்கள், செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆணையர் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அவர்களுக்கு அவர் குரல்தான் ஆணையர்.

தெக்லம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லி அனுப்பிய சேதி அவளுக்கும்தான்.

"கடைசியா" என்றது பெட்டி.

ஆணையரின் முகம் மாறுவதை அவள் கண்டாள். கன்னம் லேசாக உள்ளே இழுபட்டது. கண் எதையோ தேடி அலைந்து, ஓரிடத்தில் நின்றது. அவள் இதற்கு முன் பார்த்த முகம் அது. அன்றைக்கு அதன் முன்னால்தான் எல்லோரும் முழங்காலிட்டார்கள்.

அவள் நடந்தாள். உள்ளே பிடித்திருந்த வாக்கியம் சிந்திவிடாமல், நிறைகுடம் சுமப்பவள்போல மெல்ல நடந்தாள். மேடையில் ஏறினாள். ஒரு காவலர் குறுக்கே கை நீட்டினார். அவள் நின்று அவர் கண்ணைப் பார்த்ததில் கை இறங்கிவிட்டது. மேசையின் மறுகோடியில், பூச்சாடிக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றினாள். ஆணையர் கையில் கொடுத்தாள்.

அவர் குடித்தார். ஒரு மூச்சில், தொண்டை ஏறி இறங்க, முழுவதையும் குடித்தார். காலிக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டது" என்றது தெக்லம்மாவின் பெட்டி.

அடுத்த சொல்லுக்காக மண்டபம் முழுவதும் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மெல்லிய இரைச்சல் ஒன்று எழுந்தது. அது அவள் பெட்டியிலிருந்து வரவில்லை. வெள்ளி நிறப் பெட்டி, வானொலிச் செய்தியின் அதே தெளிவான குரலில், காலியான குவளைக்கு மேலே சொன்னது:

"தண்ணீர்."

யாரும் சிரிக்கவில்லை. ரோசலியின் விம்மல் மட்டும் பின்வரிசையிலிருந்து கேட்டது. ஆணையர் தன் கழுத்தைத் தொட்டார். அந்தச் சொல்லை யாரோ தன் மேல் வைத்துவிட்டுப் போனதுபோலத் தடவிப் பார்த்தார்.

செயலாளர் அவர் காதருகே குனிந்தார். "தலையசைச்சாப் போதும் சார். அந்தம்மா வாக்கியம் முடிஞ்சதாப் பதிஞ்சு, தீர்மானத்தை முடிச்சிரலாம்."

ஆணையர் தலையசைக்கவில்லை. குவளையை மேசையில் வைத்தார். ஒரு விரலைத் தூக்கித் தன் உதட்டின் குறுக்கே வைத்துச் செயலாளரைப் பார்த்தார்.

தெக்லம்மா அதற்கு நன்றி சொல்ல நிற்கவில்லை. அவருக்காகவும் எதையும் விட்டுக்கொடுக்க அவள் வரவில்லை. மேடையிலிருந்து இறங்கித் தன் இடத்துக்கு வந்து, முன்போலவே நிமிர்ந்து நின்றாள். வெளியே கரை முழுக்க ஆயிரக்கணக்கானோர், எத்தனையோ நாளாக விழுங்கிவைத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்; அவர்கள் முன்னால் உட்கார்ந்து ஆயிரக்கணக்கானோர் முகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அடுத்துச் சொல்லவிருந்த 'தண்ணி'யை ஆணையரின் பெட்டியே சொல்லிவிட்டது; ஆனால் அவள் வாக்கியம் தண்ணீரோடு முடிகிறதில்லை. எடையைப் பற்றி அவள் சொல்ல வந்தது இன்னும் தொடங்கவே இல்லை.

"இனிமே" என்றது பெட்டி.